பதினாறு பேருக்கு ஒருத்தி

இந்த ஊரில் விழுந்துவிட்டேன் என்பதற்கு ‘வீணு’ என்கிறார்கள். திருவனந்தபுரத்தில், கழக்கூட்டம் பக்கத்து முதியோர் இல்லத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், தங்கம்மா டீச்சர் கட்டிலில் உட்கார்ந்தபடி, “மோளே, ஞான் இந்நலெ வீணு” என்றார். தன்னை வீண் என்று சொல்லிக்கொள்கிறார் என நினைத்து, “அப்படிச் சொல்லாதியம்மா, எத்தனை பிள்ளையள படிக்க வச்சிருப்பிய” என்று தேற்றினேன். அவர் நைட்டியை முழங்கால்வரை தூக்கிக் காட்டினார். கன்றி நீலம் பாரித்திருந்தது.

அவர் விழுந்த குளியலறையில் சுவர்க் கைப்பிடி ஆடுகிறது என்று மேனேஜரிடம் சொன்னேன். “நோக்காம்” என்றார். பார்த்துச் சரிசெய்வார் என்று நம்பினேன். அந்தச் சொல்லுக்கு இப்போதைக்கு ஒன்றும் நடக்காது என்றும் பொருள் உண்டென்பது, மூன்றாம் முறை சொல்லிவிட்டுத் திரும்பும்போதுதான் உறைத்தது.

எங்கள் மாடியில் பதினாறு பேர். பகலில் இருவர் வேலை பார்ப்பதாகச் சுவரில் ஓர் அட்டவணை தொங்குகிறது. இரண்டாவது பெயருக்குரியவள் வேலையைவிட்டு நின்று ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. அவள் பெயர் மட்டும் தினமும் டியூட்டி பார்க்கிறது. சங்கரன்கோவிலில் என் அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது நானும் அப்பாவும் மாறி மாறிப் பார்த்தோம். ஒரு நோயாளிக்கு இரண்டு பேர், அப்படியும் முதுகில் புண் வந்துவிட்டது. அம்மா போனபின், இந்த ஊர்ப் பழவங்காடியில் ஓட்டல் வேலைக்கு வந்திருந்த என் வீட்டுக்காரரோடு நானும் வந்து சேர்ந்தேன். அப்பா அங்கே தனியாக இருக்கிறார். அவரை விட்டுவிட்டு, யார் யாருடைய அப்பா அம்மாவையோ குளிப்பாட்டுகிறேன்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, டீச்சரைக் குளிக்கும் நாற்காலியில் உட்காரவைத்திருந்தேன். கடைசி அறையில் ஒருவருக்குப் புரையேறும் சத்தம். “எந்திரிச்சிராதிய டீச்சரம்மா, இந்தா வந்துட்டேன்” என்று ஓடினேன். புரையேறியவரை நிமிர்த்தி முதுகைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே குளியலறைப் பக்கம் விழுந்த சத்தம் கேட்டது. வந்து பார்த்தால் சுவரிலிருந்து பெயர்ந்த கைப்பிடி டீச்சரின் கையிலேயே இருந்தது. இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

மறுநாள் மேனேஜர் மலையாளத்தில் அடித்த ஒரு தாளை நீட்டினார். “செல்வி, இவிடெ ஒப்பிட்டால் மதி.” கையெழுத்துப் போட்டால் போதுமாம்.

“என்ன எழுதியிருக்கு சார்?”

“ஒந்நுமில்லா. வெறும் பேப்பர்.”

எனக்கு மலையாளம் கேட்டால் புரியும், வாசிக்கத் தெரியாது. தாளை மணி மாமாவிடம் கொண்டுபோனேன். இந்த ஊர் வலியசாலைத் தமிழர், அரசாங்க ஆபீசில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், எங்கள் மாடியில்தான் இருக்கிறார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

“ஏண்டிம்மா, நீ யார்கிட்டயும் சொல்லாம கீழே போயிட்டேன்னு எழுதியிருக்கான். கைப்பிடியைப் பத்தி ஒரு வரி கிடையாது. போட்டுடாதே கையெழுத்து.”

அங்கேயே அந்தத் தாளின் அடியில் தமிழில் எழுதினேன்: ‘கைப்பிடி ஆடுவதை மூன்று முறை சொன்னேன். அன்று பதினாறு பேருக்கு நான் ஒருத்திதான்.’ அதன்கீழ் கையெழுத்தும் போட்டேன். மாமா அதைத் தன் போனில் படம் எடுத்துக்கொண்டார்.

மேனேஜர் தாளைப் பார்த்து, “இது எந்தா? ஜோலி வேண்டே?” என்றார்.

“வேணும் சார். இன்னொரு ஆளும் வேணும்.”

துபாயிலிருந்து வந்த டீச்சரின் மகளிடம் மாமா படத்தைக் காட்டி, என் வரிகளை மலையாளத்தில் சொன்னார். ஆபீஸ் அறையில் அந்த மகள் போட்ட சத்தம் மாடிவரை கேட்டது. ஒரே வாரத்தில் எல்லாக் குளியலறையிலும் புதுக் கைப்பிடி. எனக்குத் துணையாக ஒரு பெண்ணும் வந்தாள். டீச்சரின் மகள் விமானம் ஏறிய மறுவாரம் அவளைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிவிட்டார்கள். என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. அனுப்பினால் மாடிக்கு ஆளே கிடையாது. இன்னொரு ஆள் கேட்டால் மறுபடியும் “நோக்காம்”.

டீச்சர் இனி நடக்கமாட்டார். நேற்று மதியம் அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது அப்பா போன் செய்தார். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, “சாப்டியளாப்பா?” என்றேன்.

“இல்லா மோளே” என்று டீச்சர் வாயைத் திறந்தார். கரண்டியை அவர் வாயில் வைத்தேன். அந்தப் பக்கம் அப்பா, “நீ சாப்ட்டியாம்மா?” என்று கேட்டார்.