ஆளில்லாத சென்றி

சிவப்பு விளக்கில் மோட்டார் சைக்கிள் நிற்காவிட்டால் இன்றைக்குத் தண்டம் எழுதுவார்கள். அந்தத் துண்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, பொலிஸ்காரரை மனதுக்குள் திட்டியபடி வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னலாம். நான் சிறுமியாய் இருந்தபோது கல்முனைப் பக்கத்துச் சட்டம் இவ்வளவு இலேசாக இருக்கவில்லை. எங்கள் கடற்கரை வீதி பிரதான வீதியில் ஏறும் சந்தியில் ஒரு சென்றி இருந்தது. மண்மூட்டை அடுக்கிய காவலரண், இரண்டு பக்கமும் தார்ப் பீப்பாக்கள், முன்னால் மூன்று மொழியிலும் ‘நிறுத்து’ என்று எழுதிய பலகை. கார்க்காரர் கண்ணாடியை இறக்கினால் போதும். மோட்டார் சைக்கிள்காரருக்குத்தான் சடங்கு அதிகம். பலகையடியில் நிற்க வேண்டும், எஞ்சினை அணைக்க வேண்டும், ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டும். கூட வந்தவர் இறங்கி முன்னே நடக்க, ஓட்டியவர் வண்டியை மறுமுனை வரை உருட்டிக்கொண்டு போக வேண்டும். அங்கே போய்த்தான் திரும்ப ஸ்டார்ட் பண்ணலாம்.

எனக்கு அப்போது ஏழு வயது. வாய்ப்பாடு ஏறாத மண்டையில் இந்தச் சட்டம் மட்டும் ஒரு எழுத்துப் பிசகாமல் ஏறியிருந்தது. அதற்குக் காரணம் வாப்பா. அவர் மேசன் வேலை செய்தார். மோட்டார் சைக்கிளில் ஏறினால் மனம் கட்டுகிற சுவரிலேயே நிற்கும். ஒருமுறை யோசனையில் பலகையைத் தாண்டிப் பீப்பா வரை போய்விட்டார். காவலுக்கு நின்றவரின் துவக்கு நிமிர்ந்தது. கையை உயர்த்திக்கொண்டு அரை மணித்தியாலம் வெயிலில் நின்றுவிட்டு வந்தார். அன்றைக்கு உம்மா என்னைக் கூப்பிட்டு ஒரு உத்தியோகம் தந்தா.

“இனி நீதான் பாக்கணும். பலகையக் கண்ட உடனே வாப்பாக்குச் செல்லு.”

அதிலிருந்து எண்ணெய்த் தாங்கியின் மேல் நான் முன்னால் இருப்பேன். பலகை தெரிந்ததும் “வாப்பா, பலகை!” என்று கத்துவேன். நான் கத்தினால் அவர் கை பிறேக்கைப் பிடிக்கும். நாளடைவில் வீதியைப் பார்ப்பதையே வாப்பா என்னிடம் விட்டுவிட்டார் என்று நினைக்கிறேன். இறங்கி முன்னால் நடக்கும்போது அல்ஹம்து சூறாவை ஓதுவேன். மூன்று தரம் ஓதி முடிய மறுமுனை வரும். காவலுக்கு நின்ற ஒருவர் என்னைப் பார்த்துச் சிரிப்பார். எனக்கு வந்த பெருமையை அளக்க முடியாது.

கடல் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில். முதலில் முழங்கால் அளவுதான். முற்றத்துக்குள் வந்து, சட்டி முட்டிகளை மிதக்கவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனது. விளையாட்டுப் போல இருந்தது. ஆட்கள் கடலைப் பார்க்க ஓடினார்கள். வாப்பா மட்டும் நனைந்த சைக்கிளை நாலைந்து தரம் உதைத்து ஸ்டார்ட் பண்ணினார். பக்கத்து வளவில் உம்மாவின் தங்கை, எங்கள் சாச்சி, நிறைமாதமாய் இருந்தா. சாச்சா வெளிநாட்டில். சாச்சியால் சைக்கிளில் ஏற முடியாது.

“புள்ளயக் கொண்டு போய் விட்டுட்டு ஒரு ஓட்டோ புடிச்சிட்டு வாங்க” என்றா உம்மா. “தங்கச்சிய உட்டுட்டு நான் வரமாட்டன்.”

கடல் திரும்பி வருவதற்குள் ஓட்டோ வர வேண்டும். அவ்வளவுதான் காரியம். ஓட்டோக்கள் நிற்கும் இடம் சென்றிக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரம்.

சந்தி வந்தது. சென்றியில் ஒருவரும் இல்லை. காவலுக்கு நின்றவர்கள் கடற்கரையில் ஆட்களைக் காப்பாற்றப் போயிருந்தார்கள் என்று பிறகு சொன்னார்கள். வாப்பா வேகத்தைக் குறைக்கவில்லை. எனக்கு உயிர் போய் வந்தது. இருந்த மூச்சையெல்லாம் திரட்டிக் கத்தினேன்.

“வாப்பா, பலகை!”

கை பிறேக்கைப் பிடித்தது. எஞ்சின் அணைந்தது. நான் குதித்து முன்னால் நடந்தேன், ஓதிக்கொண்டே. பின்னால் வாப்பா உருட்டினார். பாதி தூரம் வந்த பிறகுதான் அவர் நின்று சுற்றிப் பார்த்தார். வெறும் மண்மூட்டைகள். அந்த இடத்திலேயே ஏறி உதைக்கத் தொடங்கினார். பிளக் நனைந்திருந்தது. உதைத்தார், உதைத்தார். வண்டி இருமியதே தவிர எழும்பவில்லை.

“முனை இன்னும் வரல்லியே வாப்பா” என்றேன். சட்டம் மீறப்படுவது எனக்குப் பொறுக்கவில்லை.

அவர் சைக்கிளைப் போட்டுவிட்டு என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பிரதான வீதியில் ஒரு கடையின் மேல்மாடிப் படியில் என்னை ஏற்றிவிட்டார். ஓட்டோ ஒன்றும் அங்கே இல்லை. கடைசி ஓட்டோ சற்று முந்தித்தான் சம்மாந்துறைப் பக்கம் போனது என்று ஒருவர் சொன்னது எனக்கும் கேட்டது. வாப்பா வீட்டுப் பக்கம் கால்நடையாய் ஓடினார். சென்றியைக்கூட அவர் தாண்டவில்லை. கறுப்பாய் வந்த தண்ணீர் அவரைத் தூக்கித் திரும்பப் பிரதான வீதியிலேயே எறிந்தது.

சாச்சியின் மையித்து மூன்றாம் நாள் கிடைத்தது. உம்மாவினது கிடைக்கவே இல்லை.

உம்மாவுக்கு ஒரே காக்கா, என் மாமா. இரண்டு தங்கைமாரையும் ஒரே நாளில் இழந்த மனிதர். ஆளில்லாத சென்றியில் சைக்கிள் நின்ற கதை எப்படியோ அவர் காதுக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து வாப்பாவோடு கதையில்லை. பள்ளிவாசலில் ஒரே வரிசையில் நின்றாலும் ஸலாம் இல்லை. என்மீது மட்டும் உயிரை வைத்திருந்தார். உம்மா இல்லாத பிள்ளை என்று ஒவ்வொரு பெருநாளுக்கும் உடுப்பு வரும். வாசலில் நின்று என்னிடம் தந்துவிட்டு, வாப்பாவைத் திரும்பியும் பாராமல் போய்விடுவார்.

யுத்தம் முடிந்து, திருப்பிக் கட்டிய சென்றியையும் ஒரு நாள் கழற்றினார்கள். பீப்பாக்களை லொறியில் ஏற்றுவதை ஊரே நின்று பார்த்தது. பலகையைப் பிடுங்கியபோது மாமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாப்பாவின் முன்னால் வந்தார்.

“ஒரு குருவிகூட இல்லாத சென்றியில ஏன் மச்சான் நிண்ட நீங்க?”

“பழக்கம் மச்சான். கை தன்னால பிறேக்கப் புடிச்சிட்டு.”

நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்குப் பதினொரு வயது. நடந்தது அதுவல்லவே என்று வாய் துருதுருத்தது.

“இல்ல மாமா, நான்தான்...”

“நீ வாய மூடு!”

வாப்பா என்னை அதட்டியது வாழ்க்கையிலேயே அந்த ஒருமுறைதான். ஊர்ச் சனம் பார்த்திருக்க அதட்டினார். பிறகு மாமாவின் பக்கம் திரும்பி, “இவ அண்டைக்குத் தூக்கத்தில இருந்தவ. ஒண்டும் தெரியா” என்றார். மாமா என் தலையைத் தடவினார். வாப்பாவைப் பார்த்துக் காறித் துப்பிவிட்டுப் போனார்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. நான் தூங்கினேனா? உம்மா தந்த வேலையை ஒரு நாள்கூடத் தவறவிடாத நானா? கண்ணை விழித்து, பலகையைக் கண்டு, நிற்கச் சொன்னது நான். அதை ஊரறியத் தனதென்று சொல்லிக்கொண்டாரே என்று பத்து நாள் வாப்பாவோடு கதைக்கவில்லை. அந்தப் பத்து நாளும் என் பீங்கானில் அவரே சோற்றைப் போட்டு வைத்துவிட்டு வேலைக்குப் போனார். பொய்யர் என்று நினைத்துக்கொண்டே அதைத் தின்றேன்.