இடது பக்கம் திரும்பாத கப்பல்

திண்டுக்கல்லில் நான் படித்த கல்லூரியில் ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டர்களுக்கும் சந்தனம் வைப்பார்கள். மானிட்டர் நெற்றியில் வைத்தது போதாதென்று கீபோர்டிலும் அப்புவார்கள். அது பட்டன்களுக்கு இடையில் இறங்கிக் காய்ந்து, வருஷம் முழுக்க அங்கேயே கிடக்கும். தொட்டாலே எனக்கு அருவருப்பு. பக்தியைக் குறை சொல்லவில்லை. துடைக்க ஒரு ஆள் இல்லையே, அதைத்தான் சொல்கிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்கள் அவை. கடைசி வருஷத்தில் எல்லோரும் ஒரு ப்ராஜெக்ட் செய்ய வேண்டும். என் வகுப்பில் பாதிப் பேர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் ரெடிமேடாக வாங்கினார்கள். மருத்துவமனை நிர்வாகம், நூலக நிர்வாகம் என்று சட்டை மாதிரி எடுத்துக் கொடுப்பார்கள். நான் மட்டும் வீம்புக்கு ஒரு விண்வெளி விளையாட்டு எழுதினேன். முதல் வகுப்பு வந்தால்தான் மேலே படிக்க அனுப்புவேன் என்று அப்பா சொல்லியிருந்தார். இந்த ப்ராஜெக்ட் மார்க்கைத்தான் நம்பியிருந்தேன்.

வெறுமனே விண்கப்பலை ஓட்டுவது யாருக்கும் வரும். விஷயமே சூரியனில்தான் இருந்தது. அது வெடித்துப் புயல் வீசினால் கப்பல் பக்கவாட்டில் தள்ளப்படும். திசைகாட்டி கிறுக்குப் பிடித்துச் சுற்றும். பட்டனை அழுத்தினால் கப்பல் சற்று நேரம் கழித்துத்தான் திரும்பும். மல்லுக்கட்டினால் தொலைந்தது. சூரியனுக்கு முதுகைக் காட்டி, எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆடி மாதத்தில் வேடசந்தூர் சாலையில் மொபட் ஓட்டியவர்களுக்கு இது புரியும். காற்றை எதிர்த்து ஹேண்டில்பாரை ஒடித்துப் பிடித்தால், காற்று விட்ட நொடியில் வண்டி கருவேல முள்ளுக்குள் போய்விடும்.

துறைத்தலைவருக்குப் புரியவில்லை. "எதுக்கும்மா இம்புட்டு வேலை? கப்பல் பாட்டுக்கு நேராப் போகட்டுமே. அந்தப் புயலைத் தூக்கிரு" என்றார். நான் தூக்கவில்லை.

தேர்வு நாளில் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் பஜ்ஜியைத் தின்றுவிட்டு எண்ணெய்க் கையோடு உட்கார்ந்தார். புயல் வந்தது. இடது பட்டனைத் தட்டினார், கப்பல் தாமதித்தது. இன்னும் ஓங்கித் தட்டினார்.

"சந்தனம் ஒட்டியிருக்கு. வேற கீபோர்டு குடுங்கப்பா."

மாற்றினார்கள். அதிலும் தாமதித்தது.

"சார், அது சூரியப் புயல். எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு..."

"புயல்னா கப்பல் ஆடணும். பட்டன் ஏம்மா லேட்டா வேலை செய்யணும்? ப்ரோகிராமே தப்பு."

துறைத்தலைவர் பக்கத்தில் நின்று தலையாட்டினார். புயலைத் தூக்கச் சொன்ன அதே மனிதர், புயல் என்று ஒன்று இருப்பதே தெரியாதவர் மாதிரி நின்றார். கடையில் வாங்கிய நூலகத்துக்கு மார்க்கை அள்ளிக் கொடுத்தார்கள். எனக்கு முதல் வகுப்பு போனது. வேடசந்தூரில் ஒரு மில் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தேன்.

அடுத்த ஆயுத பூஜை முடிந்து கல்லூரி திறந்த அன்று சான்றிதழ் வாங்கப் போனேன். ஆய்வகத்தில் விருந்தினர் கூட்டம். மானிட்டரில் என் கப்பல். புயலைத் தூக்கிவிட்டிருந்தார்கள், சூரியன் சும்மா அலங்காரத்துக்கு நின்றது. விருந்தினர் ஒருவர் இடது பட்டனை அழுத்தினார். விரலில் பாதி காய்ந்த சந்தனம் ஒட்டியது. உள்ளே போன பட்டன் மேலே வரவேயில்லை. கப்பல் இருந்த இடத்திலேயே சுற்றத் தொடங்கியது, நிற்கவில்லை.

துறைத்தலைவர் கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை.

"அதுதான் சார் சூரியப் புயல். நம்ம டிபார்ட்மெண்ட் ஐடியா" என்றார்.

எல்லோரும் கைதட்டினார்கள்.