நாற்பதின் இடத்தில் இருபத்துமூன்று

என்னிடம் ஒரு பழைய அல்பம் இருக்கிறது. காலில் நீளப் பலகை கட்டிக்கொண்டு பனிமலையின் உச்சியிலிருந்து பாய்கிற ஆம்பிளைகளின் படங்களை ஒட்டுகிற அல்பம். நாங்கள் நோர்வேக்கு வருவதற்கு எவ்வளவோ முன்னம், இந்த நாட்டுப் பிள்ளைகள் வாங்குகிற சூயிங்கத்தோடு ஒரு படம் வருமாம். மொத்தம் ஐம்பது. ஒவ்வொரு படத்தின் முதுகிலும் ஒரு இலக்கம். அல்பத்தில் அதே இலக்கம் போட்ட கட்டம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நோர்வேஜிய மொழியில் ஒரு கடிதம் வந்தால் இன்னொருவர்தான் வாசித்துச் சொல்லவேண்டும். ஆனால் இலக்கம் எனக்குத் தெரியும்.

அல்பம் குரோருட்டில், எங்கள் வீட்டுக்குக் கிட்டவுள்ள பள்ளிக்கூடத்து லொப்பமார்க்கெட்டில் கிடைத்தது. வருசத்துக்கு இரண்டு தரம், வாத்தியம் வாசிக்கிற பிள்ளைகளின் தாய்தகப்பன்மார் அக்கம்பக்கத்தில் பழஞ்சாமான் சேர்த்து, பள்ளிக்கூட மண்டபத்தில் பரப்பி விற்பார்கள். நான் தண்ணி கொதிக்கவைக்கக் கேத்தில் ஒன்று தேடித்தான் போனேன். பதினொரு படம் ஒட்டிய அல்பத்தோடு திரும்பி வந்தேன்.

“கேத்தில் எங்கை?” என்று கேட்டார் என் கணவர். அல்பத்தைக் காட்டினேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். “உந்தப் பாயிற ஆக்கள் உனக்கு என்ன முறை? மச்சான்மாரோ?”

அதன்பிறகு எட்டு வருசம். இல்லாத இலக்கங்களை ஒரு துண்டில் எழுதிக் கைப்பைக்குள் வைத்திருந்தேன். ஆட்களோடு கதைக்க எனக்கு வாய் வராது. துண்டை நீட்டுவேன். விற்கிறவர்கள் கண்ணாடியைப் போட்டு வாசித்து, தகரப்பெட்டியைக் கிளறி, தலையாட்டுவார்கள். ஒரு வருசம் ஏழெட்டுப் படம் கிடைக்கும். ஒரு வருசம் ஒன்றும் இல்லை. பத்தொன்பதாம் இலக்கத்தைக் கண்டபோது அதன் மூலையை எலி தின்றிருந்தது. வேண்டாமென்று வைத்துவிட்டு வந்தேன். நல்ல பத்தொன்பது கிடைக்க இன்னும் இரண்டு வருசம் எடுத்தது. அந்த இரண்டு வருசமும் எலி தின்றதை வாங்கியிருக்கலாமோ என்று யோசித்தபடி இருந்தேன்.

படங்களைச் சோற்றால்தான் ஒட்டினேன். சோற்றுப் பருக்கையை விரலால் நசித்துத் தடவினால் கடைப் பசையை விட நன்றாகப் பிடிக்கும்.

மாதா கோயிலில் எனக்குப் பக்கத்தில் இருக்கிற ஒருத்தி, என்னை விட இரண்டு வயது இளையவள், லோறென்ஸ்கூக்கில் மகளோடு இருக்கிறாள். ஒருநாள் எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடிக்கும்போது அல்பத்தைக் கண்டாள். “நல்ல வடிவாய் இருக்கு, அக்கா,” என்றாள். அடுத்த மாதமே அவளிடமும் அதே அல்பம். மகள் இணையத்தில் தேடி வாங்கிக் கொடுத்ததாம். அதில் அரைவாசி ஏற்கனவே ஒட்டியிருந்ததாம்.

அரைவாசி! எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. நான் ரயிலும் பஸ்ஸும் மாறிப்போய், ஈரப்பனி தலையில் கொட்ட வரிசையில் நின்று சேர்த்ததை, அவள் சோபாவில் இருந்து சேர்த்தாள். தூரத்து லொப்பமார்க்கெட் என்றால் மருமகன் காரில் கொண்டுபோவார். மூன்று வருசத்தில் நாற்பத்தொன்பது சேர்த்துவிட்டாள். எனக்கும் நாற்பத்தொன்பது. எனக்கு இல்லாதது நாற்பது. அவளுக்கு இல்லாதது இருபத்துமூன்று.

அவள் கேட்ட இடமும் கோயில்தான். பூசை முடிந்து வாசலில் நின்றோம்.

“அக்கா, உங்களிட்டை இருபத்திமூண்டு ரெண்டு கிடக்கோ?”

“இல்லை. ஒண்டுதான்.”

கிடந்தது. பலதும் கலந்த ஒரு பெட்டியை வாங்கியபோது இரண்டாவதாக வந்தது, அல்பத்தின் கடைசி மட்டைக்குள் இருந்தது. நாற்பது கிடைக்கட்டும், அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுப்பேன் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். முதலில் நான் நிரப்பவேண்டும். தொடங்கினவள் நான்.

ஒக்டோபர் மாதம் மாதாவின் சுருவச் சிலையை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் செபமாலை சொல்லுவோம். எங்கள் வீட்டு முறை வந்தது. அவளும் வருவாள், அல்பத்தைக் கேட்பாள், “இன்னும் நாப்பது இல்லையோ?” என்பாள். அந்தக் கேள்வியை நினைக்கவே உடம்பு எரிந்தது. பின்னேரம் ஆட்கள் வருவதற்கு முன், மத்தியானச் சிவப்பரிசிச் சோற்றில் இரண்டு பருக்கை எடுத்து நசித்து, மிஞ்சின இருபத்துமூன்றை நாற்பதின் கட்டத்தில் ஒட்டினேன். இலக்கம் முதுகில்தானே. முகத்தில் எல்லாரும் ஒரே தொப்பி, ஒரே பாய்ச்சல். யாருக்குத் தெரியப்போகிறது? பக்கம் நிரம்பிவிட்டது. மிஞ்சின படமும் இல்லை, கேட்க ஒன்றும் இல்லை.

செபமாலை முடிந்து, மற்றவர்கள் கடலையும் வடையும் சாப்பிட, அவள் அல்பத்தைப் புரட்டினாள். ஒரு பக்கத்தில் கொஞ்சம் கூடுதலாக நின்றாள். “நிரம்பிட்டுது என்ன, அக்கா,” என்றாள். “ஓம்,” என்றேன். என் கணவர் என்னைப் பார்த்தார்.

மூன்று கிழமை கழித்துக் கோயிலில் ஒரு கடித உறையைக் கையில் வைத்தாள். உள்ளே ஒரு படம். திருப்பினேன். நாற்பது.

“துரொண்ட்ஹெய்மிலை ஒரு ஆளிட்டை இருந்ததாம். மகள் எடுப்பிச்சவ. உங்களுக்குத்தான்.”

“எனக்குத்தான் நிரம்பிட்டுதே.”

“ஓம் அக்கா, நிரம்பிட்டுதுதான். ஆனா ஒரு ஆள் ரெண்டு இடத்திலை பாயிறார்.”

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். எனக்கு ஒன்று கிடைக்கவேண்டும் என்று இவள் வடக்கே அவ்வளவு தூரத்தில் இருக்கிற துரொண்ட்ஹெய்ம் வரை தேடியிருக்கிறாள். நான் கையில் இருந்ததை இல்லையென்றேன். நல்லவளாக இருப்பதிலும் அவள் என்னை முந்திவிட்டாள். அதுதான் எனக்குப் பெரிய எரிச்சல்.

வீட்டுக்கு வந்து, புட்டு அவிக்கிற பானையில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, அல்பத்தின் அந்தப் பக்கத்தை ஆவியில் பிடித்தேன். ஓரம் இளகியது. மெதுவாக உரித்தேன். சோறு அவ்வளவு இலேசில் விடுமா? முகம் முழுதாக வந்தது. முதுகில் பாதி, இலக்கத்தோடு, அல்பத்திலேயே நின்றுவிட்டது.

“சோத்தைக் குறை சொல்லாதை,” என்றார் கணவர் அடுப்படி வாசலில் நின்று. “அது தன்ரை வேலையைச் சரியாத்தான் செய்திருக்கு.”

அடுத்த ஞாயிறு அதை அதே உறையில் போட்டுக் கொடுத்தேன். “இருவத்திமூண்டு,” என்றேன்.

அவள் முகத்தைப் பார்த்தாள், பிறகு முதுகைத் திருப்பினாள். கிழிந்த கடதாசியில் சிவப்பாக ஒரு தவிட்டுத் துணுக்கு ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினாள்.

“நல்ல அரிசி, அக்கா. எந்தக் கடையிலை வாங்கிறனீங்கள்?”

கடையைச் சொன்னேன். அவள் தலையாட்டி, படத்தைக் கைப்பையில் வைத்து, என் கையை ஒருதரம் பிடித்துவிட்டு மகளின் காரை நோக்கிப் போனாள். அன்று பின்னேரமே ஒட்டியிருப்பாள். அவளுக்கு மூன்று வருசம், எனக்குப் பதினொன்று. இருவருக்கும் ஒரே ஞாயிற்றுக்கிழமை முடிந்தது.

நானும் அன்றைக்குத்தான் நாற்பதை ஒட்டினேன். அந்த இடம் மட்டும் கொஞ்சம் மேடாக இருக்கிறது, விரல் வைத்தால் தெரியும். அவள் அல்பத்தில் இருக்கிற இருபத்துமூன்றுக்கு இலக்கம் இல்லை. அந்த இலக்கம் என்னிடம், என் நாற்பதுக்குக் கீழே கிடக்கிறது. அதை நினைக்க இப்போதும் எனக்குக் கொஞ்சம் சந்தோசம்தான். பொய் சொன்னதைச் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். இதை இன்னும் சொல்லவில்லை.