தனித் தடங்கள் அப்படியே இருக்கும்

“உங்க ரெக்கார்டிங் மென்பொருள்ல ஒரு ஏஐ உதவியாள் இருக்கே, எந்தக் கருவி என்ன செய்யும்னு அதுக்கு எழுதிக் கொடுக்கிறது யாருடி?” என்று அத்தை போனில் கேட்டார்.

“நான்தான் அத்தை. ஏன்?”

“எல்லாமே நீயா?”

“பாதி நான்.”

“‘தடங்களை இணை’ன்னு ஒண்ணு இருக்கே, அது உன் பாதியா, அடுத்தவன் பாதியா?”

“என்னோடதுதான். என்ன ஆச்சு, சொல்லுங்க.”

“டிஸ்க்ல இடமில்ல, கொஞ்சம் இடம் பண்ணிக் கொடுன்னேன். டீச்சரோட பாட்டையெல்லாம் இணைச்சு வச்சிருக்கு. குரல் தனியா, கீபோர்டு தனியா இருந்தது எதையும் காணோம். எங்கடா போச்சுன்னு கேட்டா, ‘தனித் தடங்கள் அப்படியே இருக்கும் என்று கருவியின் விளக்கத்தில் இருந்தது’ங்குது. மன்னிப்பு வேற கேக்குது. நல்லாத்தான் வளர்த்திருக்கீங்க.”

சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அவள் போனைப் பிடித்தபடி நின்றாள். அந்த வாக்கியம் அவள் எழுதியது.

அத்தை அவளுடைய அப்பாவின் தங்கை. ஒரு மருந்துக்கடைக்கு மேலே ஒற்றை அறையில் ஒலிப்பதிவுக்கூடம் நடத்துகிறார். யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன்பே மின்விசிறியை நிறுத்திவிடுவார். அந்த இரைச்சல் காதைக் குடைகிறதாம். “நாங்க வெந்து செத்தாலும் மகாராணிக்கு அமைதி வேணும்” என்று அப்பா முனகுவார். குடும்பத்தில் அவருக்கு ‘ஃபேன் அத்தை’ என்றே பெயர்.

டீச்சர் என்பது பக்கத்துப் பள்ளியின் பாட்டு டீச்சர். தொண்டை அறுவை சிகிச்சைக்குப் போகும் முன் அத்தையிடம் வந்து ஐந்து பாட்டுகள் பாடிவைத்துவிட்டுப் போனார். இப்போது பேச்சே வெறும் காற்றாகத்தான் வருகிறது. அன்றைக்குக் கீபோர்டு வாசித்தவர் ஓர் அவசரக்குடுக்கை. தாளம் தப்பியது, ஒரு பாட்டில் சுருதியே வேறு. “குரல் தனியா இருக்குல்ல, வாத்தியத்தை அப்புறம் மாத்திக்கலாம்” என்று அத்தை வாக்குக் கொடுத்திருந்தார்.

அவள் அலுவலகத்தில் விசாரித்தாள். அவள் எழுதிய காலத்தில் அந்த வரி உண்மைதான். பிறகு, இடம் அடைக்கிறது என்று புகார்கள் வரவே, இணைத்து முடிந்ததும் தனித் தடங்களை அழித்துவிடும்படி கருவியை மாற்றியிருக்கிறார்கள். விளக்கம் எழுதுகிறவளிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

“விளக்கத்தை எல்லாம் யாருங்க படிக்கப் போறா?” என்றார் மாற்றிய பொறியாளர்.

“அந்த ஏஐ படிக்குது. கருவிக்குள்ள என்ன இருக்குன்னு அதுக்குத் தெரியாது. நம்ம எழுதுறதை மட்டும்தான் நம்புது.”

அவர் தலையைச் சொறிந்தார்.

‘தனித் தடங்களை நிரந்தரமாக அழிக்கும். மீட்க முடியாது. பயனரிடம் கேட்காமல் பயன்படுத்தாதே’ என்று அவள் திருத்தினாள். மேசையில் வைத்த டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. இனி வேறு யாருக்கும் இப்படி நடக்காது. ஆனால் நடந்துவிட்டவருக்கு அதனால் என்ன?

சாயங்காலம் அவள் கூடத்துக்குப் போனாள். அழிந்ததை மீட்கலாம் என்றால், அதே டிஸ்க்கில் அத்தை அதற்குள் ஒரு விளம்பரக் குரலைப் பதிவு செய்திருந்தார். பழையதன் மேல் புதியது ஏறிவிட்டது. இணையத்தில் இருந்த நகலும் தானாகவே புதுப்பிக்கப்பட்டு, அதிலும் தனித் தடங்கள் போயிருந்தன. கடைசியாக, கலந்த பாட்டிலிருந்து குரலைப் பிரித்தெடுக்கும் கருவியை ஓட்டிப் பார்த்தாள். அதற்கும் விளக்கம் எழுதியது அவள்தான். குரல் வந்தது. கூடவே கீபோர்டின் பிசிறும் சோப்பில் ஒட்டிய முடிபோல ஒட்டிக்கொண்டு வந்தது.

அத்தை ஹெட்போனில் கண்ணை மூடிக் கேட்டார். “கிணத்துக்குள்ள இருந்து பாடுற மாதிரி இருக்குடி. போதும், நிறுத்து.”

“அத்தை, தப்பு எங்க மேலதான்னு நான் எழுதித் தரேன். டீச்சர்கிட்ட காட்டுங்க.”

“காட்டி?”

சுவரெங்கும் பஞ்சு அடைத்த அந்த அறையில் ஒரு பெருமூச்சு விட்டால்கூட அது பெரிதாகக் கேட்டது.

“புது வாத்தியத்தோட கேக்கப்போறோம்னு நாளைக்குக் காலைல ஆசையா வராங்க,” என்றார் அத்தை. “நீ லீவு போட்டுட்டு வா. நான்தான் சொல்லுவேன், நீ வாயே திறக்க வேணாம். பக்கத்துல உக்காந்திரு. நான் மிஷின் மேலயோ உன் மேலயோ பழியைத் தூக்கிப் போட ஆரம்பிச்சேன்னா, கால்ல ஓங்கி ஒரு மிதி மிதிச்சுடு.”