கருடன் வரும்வரை

சேவூர்ப் பக்கம் பனியன் கம்பெனி நடத்தும் அர்த்தநாரிக்கு எதற்கும் சகுனம் பார்த்தாக வேண்டும். கப்பலுக்குப் போகவேண்டிய பெட்டிகள் லாரியில் ஏறியிருக்கும், டிரைவர் வண்டியைக் கிளப்பியிருப்பார். எதிரே ஒருத்தி வெறுங்குடத்தோடு போய்விட்டாள் என்று இவர் கேட்டை இழுத்துச் சாத்துவார். ராகு காலத்தில் கட்டிங் மேஜையில் துணி விரியாது. இதனால் சரக்கு தாமதமாகி வெளிநாட்டுக்காரனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. ஆனாலும் மனுஷன் மசியமாட்டார். மற்றபடி தங்கமான ஆள். தையல்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட முதல் ஆளாய்ப் போய் நிற்பார். தான் காத்திருந்தால் உலகமும் தன்னோடு சேர்ந்து காத்திருக்க வேண்டும் என்று நினைப்பதுதான் அவரிடம் இருந்த கோளாறு.

போன தை மாதம் ஊர் மாரியம்மன் கோயிலுக்குக் கும்பாபிஷேகம். பக்கத்து ஊரில் ஹெலிகாப்டர் வைத்துப் பூத் தூவினார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து அர்த்தநாரிக்குச் சோறு இறங்கவில்லை. நாம் விமானமே விட்டுக் காட்டுவோம் என்று கமிட்டியில் எழுந்து நின்று சொன்னார். நாலு பேர் உட்காரும் சின்ன விமானம் ஒன்றைப் பேசி முடித்தார். தாழப் பறந்து, பூவைக் கொட்டி, சொன்ன நேரத்துக்குள் போய்விட வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. அதே காலையில் சென்னையிலிருந்து விமானத்தில் மகள் ஜனனி வருவதாக ஏற்பாடு. பேத்தி நடக்கப் பழகிய பிறகு முதல் தடவையாக ஊருக்கு வருகிறாள்.

வானத்தில் கருடன் வட்டமிட்டால்தான் கலசத்தில் தீர்த்தம் ஊற்றுவது வழக்கம். கோபுரச் சாரத்தின் மேல் குருக்கள்மார் குடத்தோடு காத்திருந்தார்கள். கீழே ஊரே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. சின்ன விமானம் வந்து இரண்டு மூன்று தடவை சுற்றிவிட்டது. கருடனைத்தான் காணவில்லை.

விமானக்காரர்களின் ஆள் சகாயராஜ், தூத்துக்குடிப் பக்கத்துப் பையன். வாக்கி டாக்கியோடு அர்த்தநாரிக்குப் பக்கத்தில் நின்றிருந்தான்.

"ஐயா, நேரம் முடியப் போவுதாம். பூவைக் கொட்டிட்டுக் கெளம்பட்டுமான்னு பைலட் கேக்காரு."

"கருடன் வராம எப்படிங்க பூப் போடறது? இந்தச் சத்தத்துக்குத்தான் அது வரமாட்டேங்குது. நல்லா மேல ஏறிச் சுத்திக்கிட்டு இருக்கச் சொல்லுங்க. வந்ததும் கூப்பிட்டுக்கலாம்."

"மேல போகக் கூடாதுய்யா. கோயம்புத்தூர்ல எறங்குற பெரிய விமானம் இந்த வழியாத்தான் வரும்."

"அட, ஒரே ஒரு சுத்துங்க. ஆகாசம் என்ன பஸ் ஸ்டாண்டா, இடிச்சுக்கறதுக்கு?"

சகாயராஜ் தயங்கினான். அர்த்தநாரி கருவியை அவன் கையிலிருந்து வாங்கித் தாமே பைலட்டிடம் பேசினார். அம்மன் காரியம் என்றார், ஊர் மானம் என்றார். பேசியே ஆளைக் கரைத்துவிடுவார் அவர். சின்ன விமானம் மேலே ஏறியது.

கொஞ்ச நேரத்தில் கிழக்கிலிருந்து பெரியது தாழ்ந்து வந்தது. சின்னது வட்டமடித்துத் திரும்பி அதன் மூக்குக்கு நேரே போனது. ஜனனி ஏறியது இந்தக் காலை விமானத்தில்தான் என்பது அப்போதுதான் அர்த்தநாரிக்கு உறைத்தது. "அம்மா தாயே!" என்று அலறினார். மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. பெரியது உறுமிக்கொண்டு மூக்கைத் தூக்கியது, சின்னது சரிந்து கீழே விழுவதுபோல் விலகியது. கூட்டம் விசிலடித்தது.

"அர்த்தநாரி பெரிய ப்ளேனையும் சேர்த்து ஏற்பாடு பண்ணிப்போட்டாருங்க!"

சத்தம் அடங்கியதும் கருடன் வந்தது. தீர்த்தம் ஊற்றினார்கள். அர்த்தநாரி சாரக் கம்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜனனி இறங்கிவிட்டேன் என்று போன் செய்யும்வரை அவர் கம்பை விடவில்லை.

மதியம் வீட்டுக்கு வந்த ஜனனி குழந்தையை அப்பா மடியில் விட்டுவிட்டுச் சோபாவில் சரிந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"தூக்கிப் போட்டுதுங்கப்பா. பாப்பா கையை விட்டு நழுவப் பாத்தா. ஜன்னல்ல ஒரு சின்ன ப்ளேன், உள்ள இருந்தவரோட சட்டை நெறம்கூடத் தெரிஞ்சுது. இன்னைக்கு நாங்க வந்து சேர்ந்ததே பெருசுங்க."

காப்பியோடு வந்த அம்மா சுப்பாத்தாளுக்கு ஒரே பெருமை. "அட, அது அப்பா விட்ட ப்ளேனு கண்ணு! ஊரே கையத் தட்டுச்சு."

ஜனனி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஏனுங்கப்பா, பூப் போட வந்தது எதுக்குங்க அத்தனை உசரம் வந்துச்சு?"

பைலட்டுக்கு லைசென்ஸ் போய்விடும் போலிருக்கிறது, அவர் இன்னும் யார் பெயரையும் சொல்லவில்லை என்று சகாயராஜ் அப்போதுதான் போனில் சொல்லியிருந்தான். பைலட் தப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லத்தான் வாயைத் திறந்தார் அர்த்தநாரி. மடியில் பேத்தி அவருடைய மோதிரத்தைப் பிடித்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் கண்ணு ஏறச் சொன்னேன். கருடன் வரலீன்னு."

ஜனனி எழுந்து வந்து, மோதிரத்தைப் பிடித்திருந்த குழந்தையின் விரல்களைப் பிரித்து, அவளை அவர் மடியிலிருந்து தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.