மூன்று பேராகப் புறப்படாத படகு

பெட்ரோல் புகையும், காயப்போட்ட கூழ்வடகத்தின் புளிப்பும் கலந்தால் ஒரு மணம் வரும். அதை முகர்ந்த மூக்குகள் உலகத்திலேயே எங்கள் தெருவில் மட்டும்தான் இருந்திருக்கும். எண்பதுகளின் கடைசியில் ஒரு மாசி மாதம், சேலையூரில் எங்கள் வீட்டு வாசலில், தண்ணீர் நிரப்பிய தார் டிரம்முக்குள் ஒரு படகு எஞ்சினைத் தொங்கவிட்டு, அதன் கயிற்றைச் சுண்டிச் சுண்டி இழுப்பார் ஏழுமலை மாமா. என் அம்மாவின் தம்பி. குரோம்பேட்டையில் லேத் பட்டறை வேலை. எஞ்சின் இருமும், துப்பும், வசவு வாங்கும், பிறகு யாரும் எதிர்பாராத இழுப்பில் உறுமிக்கொண்டு கிளம்பி, டிரம்மில் இருந்த தண்ணீரில் பாதியை எதிர்வீட்டு அக்காவின் வடகத்தின் மேல் மழையாகப் பொழியும்.

"இன்னாய்யா பேஜாரு இது! கடலு வோணும்னா கடலுக்குப் போங்களேன்யா!" என்று அவர் அங்கிருந்து கத்துவார்.

"அங்கதாம்மா போறோம்" என்பார் அப்பா, ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டவர் மாதிரி.

அப்பாவை நாங்கள் 'நைனா' என்று கூப்பிடுவோம். எங்கள் நிலங்களில் சுண்ணாம்புக் கோடு போட்டு, மனைக்கல் நட்டு விற்ற காலம் அது. அந்தக் காசில் பங்காளிகள் மொசைக் தரை போட்டார்கள், ஸ்கூட்டர் வாங்கினார்கள். நைனா மட்டும், கடற்கரையோர ஓட்டல் ஒன்று பழைய சாமான்களை ஏலம் விட்ட இடத்தில், கட்டில் வாங்கப் போய்ப் படகோடு திரும்பி வந்தார். "இத்தினி வயசாச்சு, கரையில நின்னு கடலைப் பாத்துகினே கீறேன். கடல்ல நின்னு கரையைப் பாக்க வேணாமா?" என்று அவர் கேட்டார். கட்டிலுக்கென்று ஒழித்து வைத்த இடத்தில் அம்மா பாயை விரித்தாள்.

முட்டுக்காட்டு முகத்துவாரம் மண் மூடுவதற்குள் அதன் வழியாகக் கடலுக்குள் போய், கரையை ஒட்டியே தெற்கே கொஞ்ச தூரம் பார்த்துவிட்டு வருவது என்று திட்டம். அந்தத் தண்ணீரைப் பற்றி எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஏரி தெரியும், மதகு தெரியும், கடலில் முழங்கால் வரை தெரியும். ஆனாலும் ஆயத்தங்களுக்குக் குறைவில்லை. ஃபைபர் உடம்பில் இருந்த விரிசல்களை மாமா ஒட்டுப்போட்டு அடைத்தார். நங்கூரத்துக்கு, வேலையில்லாமல் கிடந்த ஏர்க்கொழுவைக் கயிற்றில் கட்டினார்கள். பஞ்சர் கடையிலிருந்து மூன்று லாரி டியூப்கள் வந்தன. மூழ்கினால் ஆளுக்கு ஒன்று. என் பள்ளிக்கூட அட்லஸ்தான் கடல் வரைபடம். அதில் கடல் முழுக்க ஒரே நீலம். பாறை எங்கே, மணல்திட்டு எங்கே என்று அதில் ஒன்றும் போடவில்லை என்று நான் சொன்னேன்.

"அதைப் பாக்கத்தான் நீ முன்னாடி குந்தப் போறே" என்றார் நைனா.

அந்த ஒரு வாக்கியத்தில் என் சோறு, தூக்கம் எல்லாம் போயிற்று. ஏனென்றால் எனக்கு நீச்சல் தெரியாது. பன்னிரண்டு வயது விவசாயி வீட்டுப் பிள்ளைக்கு நீச்சல் தெரியாமலும் இருக்கும் என்பது நைனாவின் கற்பனைக்கு எட்டாத விஷயம். விற்காமல் மிச்சம் வைத்திருந்த எங்கள் கிணற்றில் ஞாயிறுதோறும் குளிக்கப் போவோம். என் அக்கா செல்வி மோட்டார் ரூம் கூரையிலிருந்து குதிப்பாள். நான் கடைசிப் படியில் குத்துக்காலிட்டு, செம்பால் மொண்டு தலையை மட்டும் நன்றாக நனைத்துக்கொண்டு, மூச்சிரைத்தபடி மேலே வருவேன். தலை நனைந்தவனை யார் சந்தேகப்படுவார்கள்? அக்காவைத் தவிர.

"முன்னாடி குந்துறியாமே" என்று அன்று சாயங்காலம் அவள் அருகில் வந்தாள். "விழுந்தின்னா கவலைப்படாத. அடியில போய்ப் பாறைய நல்லா பாத்துட்டு வந்து சொல்லு."

"உனக்குப் பொறாமை."

"ஆமாண்டா" என்றாள். நிஜமாகவே பொறாமைதான். கல்லூரிக்கு விண்ணப்பம் போட இருந்த அவள், தன்னையும் அழைத்துப் போகச் சொல்லி ஒரு வாரமாக நைனாவை நச்சரித்து, "பொட்டப்புள்ளைக்கு இன்னா கடலு" என்ற பதிலையே வாங்கிக்கொண்டிருந்தாள். போக ஆசைப்பட்டவளுக்கு இடமில்லை, இடம் கிடைத்தவனுக்கு உயிர்பயம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, டிராக்டர் பெட்டியில் படகை ஏற்றி, வழியனுப்ப வந்த அம்மா, அக்காவோடு நாங்களும் அதற்குள் ஏறி, மேடவாக்கம், சோழிங்கநல்லூர், கேளம்பாக்கம் என்று ஊர்வலம் போனோம். நிலத்தில் போகும் படகைப் பார்த்து வழியெல்லாம் டீக்கடைகளில் எழுந்து நின்றார்கள். நான் முகப்பில் அரசனைப்போல் உட்கார்ந்து, இந்தப் பயணம் இப்படியே தார்ச் சாலையிலேயே முடிந்துவிடக் கூடாதா என்று எல்லாச் சாமிகளையும் வேண்டினேன்.

முட்டுக்காட்டில் சாமிகள் கைவிட்டார்கள். படகு மிதந்தது. கற்பூரம் காட்டியாயிற்று. எஞ்சினுக்குக் குழாய் போகும் பெட்ரோல் கேனின் மூடியை, அதிலிருந்த திருகையும் விடாமல், மாமா அலையில் சிந்திவிடுமே என்று, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கி மூடினார். நைனா ஏறினார், மாமா ஏறினார், இருவரும் என்னைத் தூக்கி முன்னால் வைத்தார்கள். அப்போதுதான் கரையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"நில்லுங்க. மூணு பேரா போவக் கூடாது."

"கடலுக்கு ஏதுடி அதெல்லாம்?"

"பொண்ணு பாக்கப் போறதுக்கே மூணு பேரா போவ மாட்டோம். இது கடலு."

"கரெக்டு நைனா, அம்மா சொன்னா கேக்கணும்" என்று நான் அறிவித்தபோது என் ஒரு கால் ஏற்கெனவே மணலில் இருந்தது.

"இருடா மாப்ள" என்று என் சட்டையைப் பிடித்தார் மாமா. "ஒரு கல்லை எடுத்து வச்சிக்கினா நாலாவது ஆளு கணக்கு. எங்க தாத்தா காலத்துலேருந்து அப்டித்தான்."

"கல்லு எதுக்கு மாமா? நான் நிக்கிறது தெரியலியா?" என்றாள் அக்கா.

நைனா வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "அவ வரட்டும். கெணத்துல தலைகீழா குதிக்கிறவ அவ ஒருத்திதான்." சொல்லும்போது அம்மாவின் கண் என் தலை மேல் ஒரு கணம் நின்றது. அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று நான் கடைசிவரை கேட்கவில்லை.

ஆக நான்கு பேர். தோஷம் தீர்ந்தது, என் பயம் தீரவில்லை. அப்போது மாமா தலையைச் சொறிந்தார். "டியூபு மூணுதானே கீது."

என் வாழ்க்கையில் அவ்வளவு விரைவாக நான் தியாகியானதில்லை. "என் டியூபை அக்காவுக்குக் குடுத்துடறேன் நைனா. நான் கரையில இருக்கேன்."

"புள்ள மனசைப் பாத்தியா!" என்று நைனா நெகிழ்ந்தார்.

"பாத்தேன், பாத்தேன்" என்றபடி அக்கா என் இடத்தில் உட்கார்ந்தாள்.

"இப்ப மறுபடியும் மூணு" என்றாள் அம்மா.

கல் தேடி ஓடினேன். கரையில் கிடந்ததிலேயே நல்ல உருண்டையாக, கௌரவமான ஒரு கல்லைத் தேர்ந்தெடுத்து, மண் துடைத்து, அக்காவின் பக்கத்தில் வைத்தேன். எனக்குப் பதிலாகச் செல்ல அதைவிடப் பொருத்தமான ஆள் கிடைத்திருக்க முடியாது. தண்ணீரில் விழுந்தால் இரண்டு பேரும் ஒரே வேகத்தில்தான் போயிருப்போம்.

எஞ்சின் முதல் இழுப்பிலேயே உறுமியது. அவர்கள் முகத்துவாரத்தைத் தாண்டி, அலையில் ஏறி, இறங்கி, கடலுக்குள் போனார்கள். நான் மணலில் மல்லாந்து புளிசோற்றுத் தூக்கைத் திறந்தேன். அவ்வளவு ருசியான புளிசோற்றை அதற்கு முன்போ பின்போ நான் தின்றதில்லை. இரண்டாவது உருண்டை வாயில் இருந்தபோது எஞ்சின் சத்தம் நின்றது.

தூரமாகிக் கரைந்து போகவில்லை. வெட்டினாற்போல் நின்றது. எழுந்து பார்த்தேன். படகு அலைக்கு மேலே ஒரு முறை தெரிந்தது, மறுபடி தெரியவில்லை. அம்மா முந்தானை நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றாள். நான் சிவப்புச் சட்டையைக் கழற்றி வீசிக்கொண்டு கரையோரம் அங்கும் இங்கும் ஓடினேன். யாருக்கு என்ன சைகை என்று எனக்கே தெரியாது. அது என் இடம், அங்கே அவள் உட்கார்ந்திருக்கிறாள் என்பது மட்டும் தெரிந்தது. நான் தப்பித்ததற்காக அத்தனை சாமிகளுக்கும் சொன்ன நன்றியை வாபஸ் வாங்கினேன். வாயில் இருந்த உருண்டையை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

எவ்வளவு நேரம் ஓடினேனோ, திடீரென்று அந்த உறுமல் மறுபடி கேட்டது. எதிர்வீட்டு அக்கா காது பொத்திக்கொண்ட அதே சத்தம். அம்மா மணலில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

திரும்பி வந்ததும் மாமாவே கதையைச் சொன்னார். எஞ்சின் நின்றதும் இரண்டு ஆண்பிள்ளைகளும் பிளக்கைக் கழற்றி ஊதி, துடைத்து, கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை போனதுதான் மிச்சம். செல்வி கேனைப் பார்த்துவிட்டு, "காத்து போவ வழியே இல்லியே மாமா. எண்ணெ டின்னுல ஒரு ஓட்டை மட்டும் போட்டா ஊத்துமா? ரெண்டு போட்டாத்தானே ஊத்தும்!" என்று மூடியின் மேல் இருந்த சின்னத் திருகைத் தளர்த்தினாளாம். 'உஸ்' என்றதாம். வீட்டில் டின்னை ஆணியால் குத்திப் பழகியவள் அவள். ஊற்றித் தின்று பழகியவர்கள் நாங்கள்.

"நீ முன்னாடி குந்தியிருந்தா இன்னாடா பண்ணியிருப்ப?" என்று மாமா கேட்டார்.

"பாறை பாத்திருப்பேன்" என்றேன்.

நைனாவிடம் கரை எப்படி இருந்தது என்று அம்மா கேட்டாள். "எல்லாம் ஒரே பச்சைக் கோடு. எது எவன் நிலம்னு ஒண்ணும் தெரியல" என்றார். சந்தோஷமாகச் சொன்னாரா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அக்கா மட்டும், "அங்கேருந்து பாத்தா ஒரு செவப்புப் பூச்சி கரையில ஆடிகினு இருந்துச்சு" என்று ஒரு மாதம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

படகை அடுத்த ஆண்டு பெரும்பாக்கத்துச் சொந்தக்காரர் ஏரியில் மீன் பிடிக்க என்று இரவல் வாங்கிப் போனார். திரும்பி வரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நைனா இல்லை. கிணற்றைத் தூர்த்து, அதன் மேல் இப்போது ஐந்து மாடி. ஏறக்குறைய அக்கா குதித்த இடத்தில் யாரோ கார் நிறுத்துகிறார்கள். நாங்கள் படகில் போன தார்ச் சாலையில், நடுவே நின்று வேடிக்கை பார்க்க இன்று ஒருவனுக்கும் துணிச்சல் வராது. எனக்கு இன்னும் நீச்சல் வரவில்லை.

ஆனால் முழுசாக இல்லாமல் போனது கரையில் நின்ற அந்தக் காத்திருப்புதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் மகள் சோழிங்கநல்லூரில் வேலை முடிந்து கிளம்பினால், அவள் எங்கே வருகிறாள் என்று வண்டலூர் வீட்டில் உட்கார்ந்தபடியே போனில் பார்க்கலாம். அட்லஸ் கடலின் அதே நீலத்தில் ஒரு புள்ளி ஊர்ந்து வரும். போன வாரம் அந்தப் புள்ளி மேடவாக்கத்துக்குப் பக்கத்தில் சட்டென்று நின்றுவிட்டது. சிக்னலாக இருக்கும், நெரிசலாக இருக்கும் என்று மனைவி சொன்னாள். இருக்கும்தான். கையில் பிசைந்த சோற்றோடு நான் எழுந்து நின்றுகொண்டிருந்தேன்.

புள்ளி நகர்ந்தது. உட்கார்ந்து சாப்பிட்டேன்.