இரண்டு விரல் ஓரம்

அந்தத் தெருவில் எல்லோரும் அவரை நாற்பத்தஞ்சு என்றுதான் கூப்பிடுவார்கள். மரச்சட்டத்தின் மூலை இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டுமென்றால் கட்டையை நாற்பத்தைந்து டிகிரியில் அறுக்க வேண்டும். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லியே அவருக்குப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஒட்டியபோது அவருக்கு முப்பதுகூட ஆகவில்லை. தலை நரைத்த பிறகும் அதே பெயர்தான். "உங்களுக்கு மட்டும் வயசு ஏறவே மாட்டேங்குதே, அப்படி என்னதான் சாப்பிடறீங்க?" என்று பக்கத்துக் கடை டெய்லர் கேட்பார். கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொள்வார். நாற்பத்தஞ்சும் முதல் தடவை கேட்பதுபோலச் சேர்ந்து சிரிப்பார்.

கடை கீழே, வீடு மாடியில். கடையில் ஒரு நீள மேஜை, ஒரு ரம்பம், சுவரெல்லாம் தொங்கும் மாதிரிச் சட்டங்கள். வேலையில் அவரிடம் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அவருக்கு ஒரு கோளாறு இருந்தது. சட்டம் போட வந்த படத்தை அவர் பார்க்கவே மாட்டார். ஓரம் நேராக இருக்கிறதா, மூலை மடங்கியிருக்கிறதா, எவ்வளவு வெட்டினால் சட்டத்துக்குள் உட்காரும், இவ்வளவுதான் அவர் கண்ணுக்குத் தெரியும். ஒருமுறை ஒரு வாத்தியார் தன் போட்டோவைக் கொடுத்துவிட்டுப் போய், வாங்கிக்கொள்ள வந்து நின்றார். "யாரு போட்டோங்க?" என்று அவரையே கேட்டார் நம்ம ஆள். சட்டத்துக்குள் இருப்பவரும் எதிரில் நிற்பவரும் ஒரே ஆள் என்பது அவர் மண்டையில் ஏறவில்லை. வாத்தியார் பாவம், மீசையைத் தடவிக்கொண்டு நின்றாராம்.

மனைவிக்கு மருந்துக் கடையில் வேலை. பிள்ளைகள் இரண்டு. பெரியவன் படிப்பில் கெட்டி, அவன் மார்க்கைப் பற்றிப் பேசியே அந்த வீட்டில் பாதிச் சாப்பாடு இறங்கும். சின்னவள் ஒரு வாயாடி. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் கடை வாசலில் நின்று, அன்றைக்கு யார் யாரை அடித்தது, யார் யாரோடு டூ விட்டது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டுத்தான் மாடி ஏறுவாள். அவர் ரம்பத்தை நிறுத்தாமல் "ம், ம்" என்பார். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

பதினான்கு வயதில் அந்தப் பேச்சு நின்றுபோனது. யாரும் திட்டவில்லை, அடிக்கவில்லை. ஒருநாள் நேராக மாடி ஏறினாள், அவ்வளவுதான். "என்னடி ஆச்சு உனக்கு?" என்று அம்மா கேட்டால், "ஒண்ணுமில்ல." "யாராவது ஏதாவது சொன்னாங்களா?" "ஒண்ணுமில்லன்னு சொல்றேன்ல." கதவு சாத்திக்கொள்ளும்.

ஆனால் அந்தக் கதவு பேச ஆரம்பித்தது. தான் வரைந்ததை அவள் கதவின் வெளிப்பக்கம் டேப் போட்டு ஒட்டுவாள். ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்த அன்று தாள் முழுக்க மஞ்சள், நடுவில் தரையில் படாத நாலு கால்கள், இரண்டு அவளுடையது, இரண்டு அவள் சிநேகிதியுடையது. முகமெல்லாம் பரு வந்தபோது தன் முகத்தையே வரைந்தாள்; ஒவ்வொரு பருவும் மூக்கைவிடப் பெரியது. அந்தச் சிநேகிதி வேறு பெண்களோடு சேர்ந்துகொண்ட வாரம் ஒரு வெறும் பெஞ்சு, அதில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது. அம்மா அந்தக் கதவை வானிலை அறிக்கை மாதிரி படித்துவைத்திருந்தாள். "இன்னைக்கு மஞ்சள், பேச்சுக் கொடுக்கலாம்" என்பாள். "இன்னைக்குக் கறுப்பு, தட்டை வாசல்லயே வெச்சுட்டு வந்துடுங்க" என்பாள்.

"அந்த டேப்பை எடுத்தா கதவு பெயிண்ட்டும் சேர்ந்து உரியும்" என்பார் அவர். கதவைப் பார்த்து அவர் கண்டுபிடித்தது அதைத்தான்.

அவருக்குப் பாசம் இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். மகள் பேசாமல் போனது அவர் நெஞ்சை அறுத்தது. சாயங்காலம் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் ரம்பத்தை நிறுத்திவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். அவள் வந்ததும் அவசரமாக எதையாவது அறுக்கத் தொடங்குவார். எப்படிக் கூப்பிடுவது, என்ன கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

அதனால்தான் அவள் ஒருநாள் தானாகவே கடைக்குள் வந்தபோது அவருக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூடத்தில் ஓவியக் கண்காட்சி வைக்கிறார்கள், அவள் படத்தையும் எடுத்திருக்கிறார்கள். பெரிய தாளைச் சுருட்டாமல் இரண்டு கையாலும் ஏந்தி வந்திருந்தாள்.

"சட்டம் போட்டுத் தரீங்களாப்பா?"

"இதென்ன கேள்வி? அப்பா கடைய வெச்சுக்கிட்டு வேற எங்க போவ?"

தாளை மேஜைமேல் வைத்தாள். உடனே போகவில்லை. அவர் படத்தைப் பார்க்கிறாரா என்று பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் ஸ்கேலைத் தேடிக்கொண்டிருந்தார்.

"பார்த்துப் போடுங்கப்பா" என்றாள்.

"எனக்கேவா? நாற்பத்தஞ்சு டிகிரி, ஒரு நூல் பிசகாது."

அவள் இன்னும் கொஞ்சம் நின்றுவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

அன்றைக்கு அவர் படத்தையும் பார்த்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும். இடது பக்கம் விளக்கு வெளிச்சத்தில் சாப்பாட்டு மேஜை. அம்மா பரிமாறுகிறாள், அண்ணன் கையை ஆட்டி என்னவோ சொல்கிறான், அப்பா வாய்விட்டுச் சிரிக்கிறார். தன்னை இவ்வளவு அழகாக யாரும் வரைந்ததில்லை என்று அவருக்குப் பெருமை தாங்கவில்லை. மேஜையைத் தாண்டி ஒரு சுவர், ஒரு கதவு, அதற்கப்புறம் வலது பக்கமெல்லாம் வெறும் கருநீலம். கடைசி ஓரத்தில் பழுப்பாக ஏதோ ஒன்று. பிள்ளைகள் பிரஷ்ஷைத் தாளின் ஓரத்திலேயே துடைப்பார்கள், அப்படிப்பட்ட கறைகள் எத்தனையோ அவர் கைக்கு வந்திருக்கின்றன.

கடையிலேயே உசத்தியான சட்டம் ஒன்று சுவரில் தொங்கியது. உள்விளிம்பில் தங்கக் கோடு போட்டது. யாரோ ஒரு பணக்காரர் சொல்லிச் செய்யவைத்து, வாங்க வராமலே போனது. அந்தக் கட்டை இப்போது வருவதில்லை. மகளுக்கு அதைத்தான் போட வேண்டும் என்று முடிவு செய்தார். வைத்துப் பார்த்தார். தாள் இரண்டு விரல் அகலம் கூடுதலாக இருந்தது. எந்தப் பக்கம் வெட்டுவது? இடது பக்கம் அம்மாவின் முழங்கை இருக்கிறது. வலது பக்கம் வெறும் நீலமும் ஒரு கறையும்.

மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஸ்கேலை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பில் வெட்டினார். வெட்டு அத்தனை நேர்த்தி. மகளுக்கு இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று பேப்பரில் சுற்றி, நேராகக் கொண்டுபோய் ஓவிய டீச்சரிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

கண்காட்சி அன்று குடும்பமே கிளம்பிப் போனது. பள்ளிக்கூட ஹாலில் அவள் படம் நடுவில் இருந்தது, தங்கக் கோடு மின்ன. நாலு பேர் நின்று பார்த்தார்கள். அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். படத்துக்குக் கீழே ஒரு சின்ன அட்டை, அதில் அவள் கையெழுத்தில் தலைப்பு: "நானும் எங்கள் வீடும்."

அம்மா படித்தாள். படத்தைப் பார்த்தாள். மறுபடியும் அட்டையைப் பார்த்தாள். "இதுல நீ எங்கடி?"

சின்னவள் அப்போதுதான் தோழிகளோடு வந்து நின்றிருந்தாள். சட்டத்துக்குள் தன் படத்தை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. வலது பக்க ஓரத்துக்கு அவள் கண் போனதை அவர் பார்த்தார். அங்கேயே நின்றுவிட்டது.

"இருந்தேன்மா" என்றாள். "கதவுக்கு வெளிய."

அவர் வாயிலிருந்து வந்தது இதுதான்: "ஐயோ, அது நீயா? நான் கறைன்னு நெனச்சுட்டேன்மா."

பக்கத்தில் இருந்த தோழி ஒருத்தி சிரித்துவிட்டாள். சின்னவள் சிரிக்கவில்லை, அழவும் இல்லை. "பரவாயில்லப்பா. சட்டம் நல்லா இருக்கு" என்றாள். அவள் அந்த இடத்திலேயே கத்தியிருந்தால் அவர் பிழைத்திருப்பார். அந்தப் "பரவாயில்ல"தான் அவரைக் கொன்றுபோட்டது.

வீட்டுக்கு வந்ததும் கடையைத் திறந்து குப்பைக் கூடையைக் கவிழ்த்தார். அந்தத் துண்டு இல்லை. இருக்காது என்று அவருக்கே தெரியும். வெட்டிய தாளை அவர் குப்பையில் போடுவதில்லை. கண்ணாடி ஆடாமல் இருக்க, அடுத்தடுத்த படங்களுக்குப் பின்னால் மடித்துச் செருகிவிடுவார். அவர் மகள் அந்த வாரம் யார் வீட்டுப் படத்துக்குப் பின்னாலோ முட்டுக்கொடுத்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு, ஸ்குரூ டிரைவரும் கையுமாகக் கிளம்பினார். "பின்னாடி அட்டை சரியா உட்காரலையோன்னு சந்தேகம், ஒரு நிமிஷம் பார்த்துத் தர்றேன்" என்று வீடு வீடாகப் படி ஏறினார். ஒரு சர்ட்டிபிகேட்டைப் பிரித்தார், ஒரு நாய்ப் படத்தைப் பிரித்தார். நாய் உயிரோடு பக்கத்திலேயே நின்று உறுமியது. டெய்லர் அவரை வழிமறித்து, "என்ன, ஓசியில வேலை பாக்கறீங்களாமே? உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்று கேட்டார். அன்றைக்கு மட்டும் அவர் சிரிக்கவில்லை.

கடைசியில் ஒரு புதுத் தம்பதியின் கல்யாண போட்டோவுக்குப் பின்னால் அது கிடைத்தது. முழுதாக இல்லை. செருக வசதியாக அவரே இரண்டாகக் கிழித்திருந்தார், மேல் பாதிதான் அங்கே இருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பழுப்புச் சீருடையில் ஒரு சின்னப் பெண், இரட்டைப் பின்னல், கதவைப் பார்த்தபடி. ஒரு கை தூக்கியிருந்தது. தட்டப் போகிறாளா, தட்டாமல் கையைக் கீழே போடப் போகிறாளா என்று தெரியவில்லை. அந்தக் கல்யாண வீட்டு நாற்காலியில் அவர் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் எழுந்தார்.

சாயங்காலம் அதை மகளிடம் கொடுத்தார். அவள் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். "எங்க இருந்துச்சு?"

"ஒரு கல்யாண போட்டோ பின்னாடி."

"அங்கயும் பின்னாடிதானா?" என்று சொல்லி அவள் சிரித்துவிட்டாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவர் முன்னால் வந்த சிரிப்பு. அவரும் சிரித்தார். அப்பாடா, தீர்ந்தது என்று நினைத்தார், மடையர்.

அப்போதாவது கேட்டிருக்கலாம். ஏம்மா வெளிய நிக்கற, உள்ள வர்றதுக்கு என்ன தடை, நாங்க சிரிக்கறது உனக்கு எப்படி இருக்கு? இவ்வளவுதான் கேள்வி. வாயால் சொல்ல முடியாததைத்தான் அந்தப் பெண் வரைந்து, கடைசியில் அவர் மேஜைமேலேயே கொண்டுவந்து வைத்து, "பார்த்துப் போடுங்க" என்று சொன்னாள். அவரோ தொலைந்தது ஒரு துண்டுத் தாள் என்று நினைத்து, அதைத் தேடிக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்ததென்று ரம்பத்தை எடுத்துக்கொண்டார். இதை எத்தனையோ முறை அவர் மனைவியிடம் சொல்லிப் புலம்பியிருக்கிறார். "அப்பவே கேட்டிருக்கலாம்ல" என்பாள் அவள். "கேட்டிருக்கலாம்" என்பார்.

கதவில் ஒட்டுவதை அவள் நிறுத்திவிட்டாள். வரைவதை நிறுத்தவில்லை, ஆனால் எல்லாம் கதவுக்கு உள்பக்கம். பருவும் போனது, பருவ வயதும் போனது. வெளியூரில் படித்தாள், மருந்து டப்பாக்களுக்குப் படம் போடும் வேலை கிடைத்தது. பேச்சும் திரும்பி வந்தது. வாரம் தவறாமல் போன் செய்து, "மூலையெல்லாம் நேரா வருதாப்பா?" என்று கேலி செய்வாள். சண்டை சச்சரவு எதுவும் கிடையாது. ஆனால் அவளுக்கு உடம்பு முடியாமல் போனது, ஒருவனை நேசித்தது, அவன் விட்டுப்போனது எல்லாம் அம்மா வழியாகத்தான் அவருக்கு வந்து சேரும், அதுவும் ஆறிய பிறகு.

அவரும் மாறித்தான் போனார். சட்டம் போட வரும் ஒவ்வொரு படத்தையும் இப்போது முகம் முகமாகப் பார்க்கிறார். ஓரத்தில் பொட்டுக் கறை இருந்தால்கூட, "இது யாருங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் கத்தியை எடுக்கிறார். வந்தவர்கள் அவரை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.

போன விடுமுறைக்கு அவள் வந்தபோது கையில் ஒரு தாள் சுருள் இருந்தது. வாடகை வீட்டில் மாட்டச் சொந்தமாக ஒரு படம் வரைந்திருக்கிறாள். கடை மேஜையில் விரித்தாள். அவர் ஸ்கேலைத் தொடவில்லை, முதலில் படத்தைத்தான் பார்த்தார். ஒரு சின்ன அறை, திறந்த ஜன்னல், நட்டநடுவில் அவள், தலை முதல் கால் வரை முழுதாக, எதிரில் நிற்பவரை நேராகப் பார்த்தபடி. நல்ல படம். அப்புறம்தான் பழைய கண் தன் வேலையைக் காட்டியது. படத்தைச் சுற்றி நாலு பக்கமும் நாலு விரல் அகலத்துக்குத் தாள் வெறுமையாக இருந்தது.

"ஏம்மா சுத்தி இவ்வளவு எடம் விட்டிருக்க?"

அவள் கைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். நிமிராமல், சாதாரணமாகத்தான் சொன்னாள். குத்திக்காட்டும் குரல் இல்லை, அவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார், இல்லவே இல்லை.

"ரொம்ப நாள் பழக்கம்ப்பா. எப்ப வரைஞ்சாலும் அப்படித்தான் விடுவேன். யாராவது வெட்டினாலும் என் மேல படாதுல்ல."

அவர் வெற்று ஓரத்தையும் சேர்த்து, தாளின் இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்பு வரை அளவு டேப்பை இழுத்துப் பிடித்தார். குனிந்து பார்த்தார். எண்கள் எல்லாம் கலங்கித் தெரிந்தன.

"கண்ணு சரியாத் தெரியல. எவ்வளவுன்னு நீ பார்த்துச் சொல்லும்மா" என்றார்.

அவள் பக்கத்தில் வந்து நின்று, அளவைப் படித்துச் சொன்னாள்.